சிவப்பழகு விற்ற கதை

வயதான தகப்பன், வேலைக்குப் போகும் கறுப்பு நிற மகள். அவள் கொண்டுவரும் சம்பளம் வீட்டுக்குப் போதவில்லை. தனக்கு ஒரு மகன் பிறக்கவில்லையே என்று தகப்பன் விடும் பெருமூச்சு மகளின் காதில் விழுகிறது. அடுத்த காட்சியில் அவள் கையில் ஒரு கிரீம். முகம் படிப்படியாக வெளுக்கிறது. விமானப் பணிப்பெண் வேலை கிடைக்கிறது, சம்பளம் கூடுகிறது, தகப்பனின் முகம் மலர்கிறது. 2000-களின் தொடக்கத்தில் இந்தியத் தொலைக்காட்சிகளில் ஓடிய ஃபேர் அண்ட் லவ்லி விளம்பரம் இது.

பார்த்தவர்களில் பெரும்பாலோர் இதைக் குற்றமாகவே கருதவில்லை. ஏனென்றால் இதில் அரைகுறை ஆடை இல்லை, இரட்டை அர்த்த வசனம் இல்லை. பாட்டியும் பேத்தியும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கூச்சமில்லாமல் பார்க்கலாம். ஆனால் அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கம் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. பிருந்தா காரத் அப்போது அதன் பொதுச் செயலாளர். 2002-இல் சங்கம் முதலில் நிறுவனத்திடமே முறையிட்டது. உருப்படியான பதில் வராததால் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குப் போனது. குற்றச்சாட்டுகள் மூன்று. விளம்பரம் நிறவெறியைப் பரப்புகிறது. ஆண் பிள்ளைதான் வேண்டும் என்ற எண்ணத்தை ஊட்டுகிறது. வேலை பார்க்கும் பெண்களை அவமதிக்கிறது. ஆணையம் அந்தப் புகாரைத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு அனுப்பியது. 2003-இல் அமைச்சகம் தலையிட்ட பிறகு அந்த நிறுவனத்தின் இரண்டு விளம்பரங்கள் திரையிலிருந்து இறங்கின.

மூன்றாவது குற்றச்சாட்டில்தான் சங்கத்தின் கூர்மை தெரிகிறது. அந்த மகள் ஏற்கெனவே வேலைக்குப் போகிறவள். படித்தவள், சம்பாதிக்கிறவள், வீட்டைத் தாங்க முயல்கிறவள். அவளுக்குக் குறைவாகச் சம்பளம் கொடுத்தவர் யார், பதவி உயர்வை மறுத்தவர் யார் என்று விளம்பரம் கேட்கவில்லை. பழியை அவள் தோல்மீது போட்டுவிட்டு, அந்தப் பழியைத் துடைக்க ஒரு பொருளை நீட்டியது. ஒரு பெண்ணின் படிப்பு, உழைப்பு, திறமை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அவளை ஒரு முகமாக மட்டும் பார்ப்பதைத்தான் பெண்ணைப் பண்டமாக்குவது என்கிறோம். உடை குறைவாக இருந்தால்தான் அது நடக்கும் என்பது நம்மிடம் ஆழப் பதிந்துவிட்ட தவறான நம்பிக்கை. நம் சட்டமும் நம் கோபமும் துணியின் நீளத்தை அளந்துகொண்டிருந்த காலத்தில்தான் இழுத்துப் போர்த்திய பெண்ணின் முகத்துக்கு அங்கே விலை குறித்துக்கொண்டிருந்தார்கள்.

வெளுப்பு மோகம் ஃபேர் அண்ட் லவ்லியோடு பிறந்ததல்ல. ஈ.எஸ். பதன்வாலா பம்பாயில் ஆப்கான் ஸ்நோ கிரீமை விற்கத் தொடங்கியது 1919-இல். சினிமா நட்சத்திரத்தின் முகத்தை வைத்துச் சோப்பு விற்பதும் பழைய வழக்கம்தான். லக்ஸ் விளம்பரத்தில் வந்த முதல் இந்திய நடிகை லீலா சிட்னிஸ், ஆண்டு 1941. 1971-இல் இந்துஸ்தான் லீவர் நியாசினமைடு என்ற வைட்டமின் சேர்மத்தைக் கொண்டு ஒரு கிரீமுக்குக் காப்புரிமை பெற்றது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் மேற்பரப்புக்கு வருவதை அது மட்டுப்படுத்தும் என்பது கணக்கு. 1975-இல் ஃபேர் அண்ட் லவ்லி சந்தைக்கு வந்தது. உலகில் மிக அதிகமாக விற்ற சிவப்பழகு கிரீம் என்ற இடத்தை அது பிறகு எட்டியது.

அதே நிறுவனம் அதே காலகட்டத்தில் அறிமுகப்படுத்திய இன்னொரு பொருளையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். லிரில் சோப்பு. பச்சை நிற நீச்சலுடையில் கேரன் லூனல் அருவியில் ஆடிப்பாடிக் குளித்த அந்த விளம்பரம் கொடைக்கானல் பாம்பார் அருவியில் படமாக்கப்பட்டது. சுற்றுலா வழிகாட்டிகள் இன்றும் அதை லிரில் அருவி என்றே காட்டுகிறார்கள். விளம்பரத்தை உருவாக்கிய லிண்டாஸ் நிறுவனத்தின் அலீக் பதம்ஸீ அதன் பின்னணியைப் பலமுறை சொல்லியிருக்கிறார். குடும்பத் தலைவிகளிடம் பேசிப் பார்த்ததில், நாள் முழுக்க மாமியார், கணவன், பிள்ளைகள் என்று அல்லாடும் பெண்ணுக்குத் தனக்கென்று கிடைப்பது குளியலறையின் சில நிமிடங்கள் மட்டுமே என்று தெரிந்ததாம். அருமையான கண்டுபிடிப்பு, ஒரு சமூகவியல் ஆய்வுக்கே தகுதியானது. ஆனால் அதிலிருந்து பிறந்தது என்ன? நேரமில்லாத அந்தக் குடும்பத் தலைவி திரையில் வரவே இல்லை. அவள் ஏக்கத்தை எடுத்துக்கொண்டு, அவளுக்குப் பதிலாக ஊர் முழுக்கப் பார்க்கும்படி வேறொரு இளம் உடலை நிறுத்தினார்கள். அதில் ஒரு விடுதலையின் துள்ளல் இருந்தது என்று சொல்பவர்கள் உண்டு. அந்தத் துள்ளல் உண்மைதான். ஆயினும் பார்க்கிறவனின் கண்ணுக்காகவே கேமரா நின்றது என்பதும் உண்மை. ஒரே காலம், ஒரே நிறுவனம். ஒரு விளம்பரம் பெண்ணின் உடலைக் காட்டியது. இன்னொன்று உடலை மூடி நிறத்தைக் குறை சொன்னது. முதலாவதைப் பற்றி நாடு பேசித் தீர்த்தது. இரண்டாவது கால் நூற்றாண்டுக்கு மேல் பெரிய எதிர்ப்பில்லாமல் ஓடியது.

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கும் பங்கு இருக்கிறது. ஷாம்பூவைச் சின்னச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கும் முறையை வளர்த்தெடுத்த முன்னோடிகளில் ஒருவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். அவர் குடும்பத்திலிருந்து வந்ததுதான் வெல்வெட் ஷாம்பூ, மகன் சி.கே. ரங்கநாதன் தொடங்கிய சிக் ஷாம்பூ நிறுவனமே பின்னாளில் கெவின்கேர் ஆனது. ஒரு பாட்டிலுக்குக் காசு கொடுக்க முடியாத கூலித் தொழிலாளி வீட்டிலும் ஷாம்பூ நுழைந்தது இந்தப் பாக்கெட்டால்தான். நல்ல மாற்றம் அது. அதே வழியில் சிவப்பழகு கிரீமும் உள்ளே நுழைந்தது. 1998-இல் கெவின்கேர் குங்குமப்பூவையும் பாலையும் சொல்லி ஃபேர்எவர் கிரீமைக் கொண்டுவந்தது. நம் ஊரில் பிள்ளைத்தாய்ச்சிக்குக் குங்குமப்பூப் பால் கொடுப்பது எதற்காக என்று எல்லோருக்கும் தெரியும். பிறக்கும் குழந்தை சிவப்பாகப் பிறக்க வேண்டும் என்ற அந்த ஆசையின் மீதே கிரீம் ஏறி உட்கார்ந்தது. காப்புரிமையை மீறிவிட்டதாக லீவர் வழக்குப் போட, பிறகு இரு தரப்பும் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாயின. சூத்திரம் யாருக்குச் சொந்தம் என்பதுதான் வழக்கு. இப்படி ஒரு வாக்குறுதியைப் பெண்களிடம் விற்கலாமா என்ற கேள்வி அந்த நீதிமன்றத்தின் முன் வரவே இல்லை.

கோயம்புத்தூரில் பிறந்து அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மேலாண்மைப் பேராசிரியராக உலகப் புகழ் பெற்ற சி.கே. பிரகலாதும் இந்த விவாதத்துக்குள் வருகிறார். ஏழைகளை வாடிக்கையாளர்களாக மதித்து அவர்களுக்கேற்ற விலையில் பொருள் செய்து விற்றால் ஏழைக்கும் நன்மை, நிறுவனத்துக்கும் லாபம் என்பது அவருடைய கொள்கை. 2004-இல் ஆலன் ஹாமண்டுடன் சேர்ந்து 'ஃபாரின் பாலிசி' இதழில் எழுதிய கட்டுரையில் அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று ஃபேர் அண்ட் லவ்லி. தெருக்கூட்டும் ஏழைப் பெண் ஒருத்தி நவநாகரிகப் பொருள் ஒன்றைப் பயன்படுத்துவதில் பெருமை கொள்கிறாள், அவளுக்கு அது தன்னம்பிக்கையும் தேர்வு செய்யும் உரிமையும் தருகிறது என்பது வாதம். இதற்கு மறுப்பு வந்தது அதே மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அதே வணிகப் பள்ளியிலிருந்து. அனீல் கர்னானி 2007-இல் ஃபேர் அண்ட் லவ்லியை மட்டுமே ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். பெண்ணுக்கு அதிகாரம் தருவதாக நிறுவனம் சொல்வது வெறும் தோற்றம். கல்வியும் வருமானமும் சமூக மதிப்பும் கூடினால்தான் அவள் நிலை உயரும். நிறத்தால் அவளைத் தாழ்த்தும் எண்ணத்தைக் கிரீமும் அதன் விளம்பரமும் இறுக்கவே செய்கின்றன என்றார் அவர்.

கர்னானி சொன்னதுதான் சரி. தெருக்கூட்டும் பெண்ணின் பெருமையை யாரும் குறை சொல்ல முடியாது; அவள் காசு, அவள் முகம். ஆனால் அவள் அந்தக் கடைக்கு வந்து நிற்பதற்கு முன்னால் நடந்ததையும் கணக்கில் எடுக்க வேண்டும். பிறந்த அன்றே "பொண்ணு என்ன கலர்?" என்று கேட்ட உறவினர்கள், "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்று ஆறுதல் சொன்ன அத்தை, ஆண்டு விழா நடனத்தில் பின்வரிசையில் நிற்கவைத்த பள்ளிக்கூடம், வரவேற்பு மேசைக்கு வேறு ஆளைப் பார்த்த கடை. இத்தனை பேரும் சேர்ந்து தள்ளிய பிறகு அவள் எடுப்பதைச் சுதந்திரமான தேர்வு என்று ஒரு பேராசிரியர் எழுதுவது எளிது. அவள் உள்ளே இருக்கும் காயத்தை விளம்பரம் தினமும் தொட்டுத் தொட்டு ஆறவிடாமல் வைத்திருக்கிறது என்பதே உண்மை.

எப்படி ஆறவிடாமல் வைத்திருக்கிறது என்பதற்கு ஒரு சின்னப் பொருள் சாட்சி. கிரீம் பெட்டியில் நிற அட்டை ஒன்று இருந்தது. கறுப்பிலிருந்து வெளுப்புவரை முகங்கள் வரிசையாக அச்சிட்டிருக்கும். கன்னத்தோடு வைத்துப் பார்த்துத் தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பெண்ணே அளந்துகொள்ள வேண்டும். பெட்டியின் முகப்பில் ஒரே பெண்ணின் இரண்டு முகங்கள், முன்னும் பின்னும். 2019-இல்தான் இவற்றை நிறுவனம் நீக்கியது. சுவர்ப் பூச்சுக்கு நிறம் பார்க்கும் அட்டையைப் போல ஒன்றைப் பதினாறு வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்து, காலையும் மாலையும் கண்ணாடி முன் நிற்கவைத்த கொடுமையை எந்த நீதிமன்றமும் விசாரித்ததில்லை.

கண்ணாடி முன் நிற்பதன் விளைவை உளவியலாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். பார்பரா ஃப்ரெட்ரிக்சனும் டோமி-ஆன் ராபர்ட்ஸும் 1997-இல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். சமூகம் ஒரு பெண்ணை ஓயாமல் உடலாகவே பார்த்தால், நாளடைவில் அவளும் தன்னை வெளியிலிருந்து பார்க்கும் ஆளாகிவிடுகிறாள். எந்நேரமும் மனத்தின் ஒரு பகுதி தன் தோற்றத்துக்குக் காவல் நிற்கிறது. அடுத்த ஆண்டு ஃப்ரெட்ரிக்சனும் உடன் ஆய்வாளர்களும் இதைச் சோதித்தார்கள். கல்லூரி மாணவ மாணவியரைத் தனித்தனியாக ஓர் உடைமாற்றும் அறையில் விட்டுச் சிலரை நீச்சலுடையும் சிலரை ஸ்வெட்டரும் போட்டுக் கண்ணாடியில் பார்க்கச் சொன்னார்கள். அந்த உடையோடே ஒரு கணிதத் தேர்வு எழுத வைத்தார்கள். அறையில் வேறு யாரும் இல்லை. நீச்சலுடை அணிந்த மாணவிகள் ஸ்வெட்டர் அணிந்த மாணவிகளைவிடக் குறைவான மதிப்பெண் எடுத்தார்கள். மாணவர்களிடம் அந்த வேறுபாடு தெரியவில்லை. பார்ப்பவர் யாருமே இல்லாத அறையில்கூடப் பார்வை ஒன்று அந்தப் பெண்களோடு இருந்தது. கணக்குக்குப் போக வேண்டிய கவனத்தை அது தின்றது.

இதை நம் ஊர் ப்ளஸ் டூ மாணவிகளோடு பொருத்திப் பார்த்தால் நெஞ்சு பதறும். தேர்வு முடிவு வரும்போதெல்லாம் மாணவர்களை முந்தி நிற்பவர்கள் அவர்கள். அந்தப் பிள்ளைகள் பாடத்தோடு சேர்த்து இந்தச் சுமையையும் தலையில் வைத்துக்கொண்டுதான் ஓடுகிறார்கள்.

எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் 1970-களில் நூற்றுக்கணக்கான விளம்பரப் படங்களை வெட்டி எடுத்து வைத்து ஆராய்ந்தார். அவர் கவனித்தது ஆடையை அல்ல. கை, கால், தலை இவற்றின் நிலையை. ஆண் பொருளைக் கையால் இறுகப் பிடிக்கிறான். பெண் விரல் நுனியால் வருடுகிறாள். ஆண் நேராக நிற்கிறான். பெண் தலையைச் சாய்க்கிறாள், முழங்காலை மடக்குகிறாள், படுக்கிறாள். சொல்லிக்கொடுப்பவன் ஆண், கேட்டு வியப்பவள் பெண். அரை நூற்றாண்டு கழித்து இன்றைய தமிழ் விளம்பரங்களை அந்தக் கண்ணோடு பார்த்தாலும் இவை அப்படியே இருக்கின்றன. வேட்டி விளம்பரத்தில் நாயகன் நிமிர்ந்து நடந்து வருவான்; கூட்டம் வழிவிடும். நகை விளம்பரத்தில் பெண் கழுத்தாகவும் காதாகவும் மணிக்கட்டாகவும் துண்டு துண்டாகத் தெரிவாள். முழு ஆளாக வரும்போது தகப்பனின் கண்ணீரிலோ மாப்பிள்ளையின் பார்வையிலோ போய் முடிவாள். 2015-இல் கல்யாண் ஜுவல்லர்ஸ் விளம்பரம் ஒன்றில் ஐஸ்வர்யா ராய் மகாராணி போலச் சாய்ந்திருக்க, கறுத்து மெலிந்த சிறுவன் ஒருவன் அவருக்குக் குடை பிடித்து நின்றான். நிறமும் அடிமைத்தனமும் ஒரே சட்டகத்தில். சமூக ஆர்வலர்கள் பகிரங்கக் கடிதம் எழுதியதும் நிறுவனம் வருத்தம் தெரிவித்துப் படத்தைத் திரும்பப் பெற்றது. எதிர்ப்பு எழுந்தால் பலன் உண்டு என்பதற்கு அது நல்ல உதாரணம்.

சட்டத்தின் பக்கம் வருவோம். பெண்களை இழிவாகச் சித்தரிப்பதைத் தடுக்கும் சட்டம் 1986-இல் இயற்றப்பட்டது. முதல் குற்றத்துக்கு இரண்டு ஆண்டுவரை சிறை, 2,000 ரூபாய்வரை அபராதம். அதன் வரையறை ஆபாசத்தை மட்டும் சொல்லவில்லை. பெண்களைத் தாழ்த்துகிற, சிறுமைப்படுத்துகிற சித்தரிப்பும் அதில் அடங்கும். கேபிள் தொலைக்காட்சி விதிகள் 1994 இன்னும் தெளிவாகப் பேசுகின்றன: பெண்களை அடங்கி ஒடுங்கியவர்களாகக் காட்டி, குடும்பத்திலும் சமூகத்திலும் இரண்டாம் இடத்துக்கு அவர்களைத் தள்ளும் விளம்பரம் கூடாது. இந்த விதியை எழுத்துக்கு எழுத்து அமல்படுத்தியிருந்தால் மசாலாப் பொடி முதல் சலவைத்தூள் வரை நம் விளம்பரங்களில் பாதி நின்றிருக்கும். நடைமுறையில் அமைச்சகம் பாய்ந்ததெல்லாம் பெரும்பாலும் பாலியல் ஜாடை தெரிந்த இடத்தில்தான். 2007-இல் அமுல் மாச்சோ உள்ளாடை விளம்பரம் நிறுத்தப்பட்டது. ஆற்றங்கரையில் கணவனின் உள்ளாடையைத் துவைக்கும் புதுப்பெண்ணின் முகபாவங்கள்தான் காரணம்.

பாய வேண்டிய இடத்தில் பாய்ந்த நேரமும் உண்டு. 2022 ஜூன் மாதம் லேயர் ஷாட் என்ற வாசனைத் தெளிப்பானின் விளம்பரம் கிரிக்கெட் ஒளிபரப்பின் நடுவே வந்தது. கடையில் தனியாக நிற்கும் பெண்ணுக்குப் பின்னால் நான்கு ஆண்கள். நாம் நாலு பேர், இருப்பது ஒன்று, யார் 'ஷாட்' எடுப்பது என்று பேசுகிறார்கள். அவள் திகிலுடன் திரும்புகிறாள். பிறகுதான் அவர்கள் பேசியது அலமாரியில் இருக்கும் கடைசி பாட்டிலைப் பற்றி என்று தெரிகிறது. கூட்டு வல்லுறவுக்கு அஞ்சி வாழும் பெண்களின் நடுக்கத்தை ஒரு நிறுவனம் நகைச்சுவையாக்கி, பல மேசைகளில் ஒப்புதல் வாங்கி, பணம் கட்டி ஒளிபரப்பியது. ஜூன் 4 அன்று அமைச்சகம் ட்விட்டரையும் யூடியூபையும் அதை நீக்கச் சொன்னது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

விளம்பரத் துறையே தன்னைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்ள 1985-இல் மும்பையில் உருவாக்கிய இந்திய விளம்பரத் தர மன்றமும் மெதுவாக நகர்ந்திருக்கிறது. சிவப்பழகு விளம்பரங்களுக்கு அது விதி வகுத்தது 2014-இல். கறுப்பு நிறத்தவரை அழகில்லாதவராக, வருந்துபவராக, திருமணத்திலோ வேலையிலோ பதவி உயர்விலோ பின்தங்கியவராகக் காட்டக் கூடாது என்றது அந்த விதி. மாதர் சங்கத்தின் புகாருக்கும் இந்த விதிக்கும் நடுவே பன்னிரண்டு ஆண்டுகள். அந்தக் காலம் முழுக்கக் கிரிக்கெட் வர்ணனையாளர் ஆக விரும்பிய பெண்ணும் நடிகையாகக் கனவு கண்ட பெண்ணும் அதே கிரீமின் வழியாகத்தான் கனவை எட்டினார்கள். தீங்கான பாலினச் சித்தரிப்புகளுக்கு எதிரான மன்றத்தின் விரிவான வழிகாட்டுதல் வந்தது 2022-இல்.

மாற்றத்துக்கான குரல் சென்னையிலிருந்தும் எழுந்தது. கவிதா இம்மானுவேல் நிறுவிய 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 2009-இல் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கத்தைத் தொடங்கியது. நந்திதா தாஸ் 2013-இல் அதில் சேர்ந்த பிறகு நாடு முழுக்க அது பேசப்பட்டது. சாய் பல்லவி இரண்டு கோடி ரூபாய் தருவதாகச் சொன்ன சிவப்பழகு கிரீம் விளம்பரத்தை மறுத்துவிட்டார் என்ற செய்தி 2019-இல் வந்தது. இது நம் இந்திய நிறம், இதை மாற்று என்று சொல்ல எனக்கு மனமில்லை என்ற பொருளில் அவர் பேசினார். பருக்கள் தெரியும் முகத்தோடு திரையில் அறிமுகமான நடிகை அவர். சொல்லும் தகுதி அவருக்கு உண்டு. அவரை மெச்சுவதோடு நிறுத்தாமல், பணம் வாங்கிக்கொண்டு சிவப்பழகு கிரீம்களைத் தூக்கிப் பிடித்த முன்னணி நாயகர்களையும் நாயகிகளையும் ரசிகர்கள் கேள்வி கேட்டிருக்க வேண்டும். ஆண்களுக்கான ஃபேர் அண்ட் ஹேண்ட்சம் 2005-இல் வந்தது, பிறகு அதற்கு ஷாருக் கான் விளம்பரத் தூதரானார். 79 ரூபாய்க்கு அதை வாங்கிப் பயன்படுத்திப் பலனில்லை என்று டெல்லியில் ஒருவர் 2013-இல் தொடுத்த வழக்கில், விளம்பரம் தவறாக வழிநடத்துவது என்று நுகர்வோர் மன்றம் 2024 டிசம்பரில் தீர்ப்பளித்து 14.5 லட்சம் ரூபாய் செலுத்த உத்தரவிட்டது.

2020 மே மாதம் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டார். நிறவெறிக்கு எதிரான அலை இந்தியக் கரையிலும் மோதியது. ஜான்சன் அண்ட் ஜான்சன் தன் சிவப்பழகுப் பொருள்களைக் கைவிட்டது. ஷாதி.காம் நிறத்தைக் கொண்டு வரன் தேடும் வசதியை நீக்கியது. ஃபேர் அண்ட் லவ்லி ஜூலையில் குளோ அண்ட் லவ்லி ஆனது. பெயர் மாறியது, பொருள் கடையில் அதே இடத்தில் இருக்கிறது. ஆண்கள் கிரீமுக்கு 'குளோ அண்ட் ஹேண்ட்சம்' என்ற புதுப்பெயர் யாருக்குச் சொந்தம் என்று இரு நிறுவனங்கள் நீதிமன்றப் படி ஏறின. இந்துஸ்தான் லீவரின் தாய்க் குழுமமான இதே யுனிலீவர்தான் 2004 முதல் டவ் சோப்பின் பெயரில் பெண்களின் இயல்பான அழகைக் கொண்டாடும் பிரசாரத்தையும் நடத்தி வந்தது. பதினாறு ஆண்டுகள் ஒரு கையால் அதையும் மறு கையால் இதையும் விற்றவர்களின் மனமாற்றத்தைப் பொருளின் புதுப்பெயரைக் கொண்டல்ல, அடுத்து வரும் விளம்பரங்களைக் கொண்டே மதிக்க முடியும்.

அந்த விளம்பரங்கள் எப்படி இருக்கின்றன என்பதற்குச் சில எண்கள் உண்டு. ஜீனா டேவிஸ் நிறுவனமும் யுனிசெஃபும் இந்தியத் தொலைக்காட்சியிலும் யூடியூபிலும் 2019-இல் அதிகம் பார்க்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட விளம்பரங்களை ஆராய்ந்து 2021-இல் அறிக்கை வெளியிட்டன. திரையில் தோன்றும் நேரத்தில் 59.7 விழுக்காடு பெண்களுடையது. ஆக, பெண்கள் குறைவாகத் தெரிகிறார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பெண் பாத்திரங்களில் 66.9 விழுக்காட்டினர் வெளிர் அல்லது ஓரளவு வெளிர் நிறத்தவர். ஆண்களில் அது 52.1. கறுப்பு நிறத்தில் ஆண் வரலாம், பெண் வருவது கடினம். இந்த விளம்பரங்கள் ஓடியது 1986 சட்டம் வந்து முப்பத்து மூன்று ஆண்டுகளும் விளம்பரத் தர மன்றத்தின் விதி வந்து ஐந்து ஆண்டுகளும் கழித்து.

நிறத்துக்கு அடுத்தபடியாக வேலை. 2014-இல் ஏர்டெல் விளம்பரத்தில் அலுவலக மேலதிகாரியாக ஒரு பெண் வந்தாள். கீழே வேலை பார்ப்பவன் அவள் கணவன். அவனுக்குக் கூடுதல் வேலை கொடுத்துவிட்டு வீட்டுக்கு விரைந்து சமைத்துவைத்து, எப்போது வருவாய் என்று வீடியோ அழைப்பில் கேட்டாள். பதவி உயர்ந்தாலும் அடுப்பு அவளுடையதே. மறுபக்கம், துவைப்பது பெண் வேலை மட்டும்தானா என்று ஏரியல் 2015-இல் கேட்டதை மனமாரப் பாராட்ட வேண்டும். சலவைத்தூள் விற்பவனே அப்படிக் கேட்பது சிறிய காரியமல்ல. 2024-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொல்வது இது: ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது 289 நிமிடம், ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 88. லிண்டாஸ் கேட்டறிந்த அந்தக் குடும்பத் தலைவிக்கு நேரம் இன்னும் கிடைக்கவில்லை.

இந்த அவையில் ஆசிரியர்களும் மாணவர்களும் கடை நடத்துபவர்களும் இருக்கிறார்கள். மூன்று தரப்புக்கும் வேலை இருக்கிறது. பள்ளி விழாவில் முன்வரிசைக்கு ஆள் பொறுக்கும் ஆசிரியர்கள் நிறம் பார்ப்பதை இந்த ஆண்டே நிறுத்த வேண்டும். விற்பனைப் பெண் தேவை என்று பலகை வைக்கும் கடைக்காரர்கள் 'அழகிய தோற்றம்' என்ற சொற்களை அழிக்க வேண்டும். அந்த வேலைக்கு அது தகுதியே அல்ல. மாணவர்களே, பெண்ணைத் தாழ்த்தும் விளம்பரம் எதையாவது பார்த்தால் நாள், நேரம், சேனல், பொருளின் பெயர் நான்கையும் குறித்துக்கொண்டு, முடிந்தால் படமும் எடுத்து, விளம்பரத் தர மன்றத்துக்கு இணையத்திலோ வாட்ஸாப்பிலோ அனுப்புங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. வாக்குறுதி பொய் என்று தெரிந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். 2002-இல் மாதர் சங்கத்துக்கு வாட்ஸாப்போ இந்த உதவி எண்ணோ இருக்கவில்லை.